மான் குறைவதை முதலில் அறிபவர் யார்?



இந்தப் பாடத்தை மலைநாட்டில் தொடங்காமல் கடற்கரையில் தொடங்குகிறோம். காரணம் பின்னால் விளங்கும்.

புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டிக் குடாநாடு இருக்கிறது. அதன் மேற்குக் கரையில், நுரைச்சோலைக்குப் பக்கத்தில் உள்ள மீனவ ஊர்தான் ஆலங்குடா. நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வெளிநாட்டார் வரும் இடம். நம்ம பிள்ளைகளும் ஹோட்டல் வேலை என்று கடற்கரைப் பக்கம் போகிற காலம் இது. ஆகவே ஊரின் பெயர் உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்காது.

ஆலங்குடாவில் நின்று மேற்கே பார்த்தால் பெருங்கடல். அந்தப் பக்கத்துக் கடலில் உள்ள பவளப்பாறைத் தொடர் 1992ல் சரணாலயமாக்கப்பட்டது. கிழக்கே போனால் புத்தளம் களப்பு. களப்பைத் தாண்டி வடகிழக்கே, கலா ஓயாவுக்கு அப்பால், வில்பத்துக் காடு. கடலில் ஒரு பிராணி, காட்டில் ஒரு பிராணி. இரண்டையும் மனிதன் இறைச்சிக்காகப் பிடித்தான். இரண்டும் குறைந்து போயின. கடலில் உள்ளது கடற்பசு. மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். காட்டில் உள்ளது மான்.

“மானுக்கும் மரைக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்? நம்ம கவலை நமக்கு” என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நமது தேயிலை மலைகள் ஒரு காலத்தில் மரைகள் மேய்ந்த காடுகள். இன்றும் லயத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் கட்டி வைக்கும் சுருக்குக் கம்பியில் இந்தக் கதை தொடர்ந்து நடக்கிறது.

துரைமார் ஆடிய வேட்டை

நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் மலைநாட்டில் அடர்ந்த காடு இருந்தது. கோப்பித் தோட்டம் போடுவதற்காக வெள்ளைக்காரத் துரைமார் அதை வெட்டி எரித்தார்கள். காடு குறையக் குறைய விலங்குகளுக்கு இருக்க இடம் குறைந்தது. அதோடு வேட்டையும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கால வேட்டை எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொன்னால் போதும். மேஜர் ரொஜர்ஸ் என்ற படை அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் என்பவர் 1848ல் நுவரெலியாவில் குடியேறி, சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். நாய்க் கூட்டத்தை விட்டு மரைகளைத் துரத்துவதும், களைத்து நிற்கும் மரையைக் கத்தியால் குத்துவதும் அவருக்குப் பொழுதுபோக்கு. இறைச்சிக்காக அல்ல, விளையாட்டுக்காக.

நம்மில் பலர் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போயிருப்போம். அங்கே ‘ஃபார் இன்’ என்ற பழைய கட்டடம் இருக்கிறது. இன்று அது பார்வையாளர் நிலையம். அன்று அது வேட்டைக்காரர் தங்கும் விடுதி. தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரைத்தான் அது தாங்கி நிற்கிறது.

மலைநாட்டில் விளையாட்டு வேட்டை நடந்த அதே காலத்தில், வடக்கு, கிழக்கு, தெற்குப் பக்கத்து வறண்ட காடுகளில் வியாபார வேட்டை நடந்தது. மான் தோலும் கொம்பும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. கோடையில் குளங்கள் வற்றிவிடும். மீதமிருக்கும் நீர்நிலைக்கு மான் கூட்டம் வந்தே ஆகவேண்டும். கரையில் பதுங்கியிருந்து இரவில் சுட்டால் தப்புவது அரிது.

வேட்டைக்காரரே கவலைப்பட்டார்கள்

இந்த நிலையில் “மான் குறைந்துவிட்டது” என்று முதலில் சத்தம் போட்டவர்கள் யார்? படித்த விஞ்ஞானிகளா? இல்லை. வேட்டைக்காரர்கள்தான்.

வருடா வருடம் ஒரே காட்டுக்குப் போகிறவனுக்கு, போன வருடம் பத்துத் தடம் கண்ட இடத்தில் இந்த வருடம் இரண்டு தடம்தான் இருக்கிறது என்பது தெரியும். இதில் ஆச்சரியம் இல்லை. கொழுந்து குறைவதை ஆபீசில் கணக்கு எழுதுபவருக்கு முன்னரே கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல் அறியும் அல்லவா?

1894ல் தோட்டத்துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் சேர்ந்து இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் துவக்குப் பிடித்தவர்கள். வேட்டையாட விலங்கு மிஞ்சவேண்டும் என்பதே அவர்களுடைய முதல் கவலை. அதே சங்கம்தான் வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் இன்றும் இயங்கி வருகிறது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகப் பாருங்கள். 1900ல் யால காட்டின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1905ல் வில்பத்து சரணாலயமானது. 1937ல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருப்பது இதுவே. 1938ல் யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்களாயின. 1949ல் வனஜீவராசிகள் திணைக்களம் அமைக்கப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி 1988ல் தேசிய பூங்காவானது.

இந்தக் கதையில் ஓர் அநீதியும் இருக்கிறது. அதை மறைக்கக்கூடாது. துரை சுட்டால் அது விளையாட்டு, கிராமத்து ஏழை சுட்டால் அது திருட்டு என்ற பார்வை அன்று இருந்தது. பருவம், அனுமதிப்பத்திரம், கட்டணம் எல்லாம் காசுள்ளவனுக்கு வசதியாக இருந்தன. மலையைக் காடழித்து, மரையை விரட்டிக் கொன்றவர்கள் ஒரு பக்கம். பசிக்கு ஒரு மானை அடித்தவன் மறுபக்கம். பழி மட்டும் பின்னவன் தலையில் விழுந்தது. சட்டம் என்றாலே நம்ம ஆட்கள் முகம் சுளிப்பதற்கு இப்படிப்பட்ட பழைய காரணங்களும் உண்டு.

ஆனால் சொன்னவன் யாராக இருந்தாலும், சொன்ன விஷயம் உண்மை. மான் குறைந்துதான் போயிருந்தது. வேட்டை நின்ற இடத்தில் மீண்டும் பெருகவும் செய்தது. இன்று ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளியில் மரைகள் மனிதருக்குப் பயப்படாமல் நிற்பதை நாமே பார்க்கிறோம்.

ஏன் குறைகிறது? ஒரு சின்னக் கணக்கு

பிள்ளைகளே, கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்குச் சொல்லும் கணக்கு மட்டுமே.

ஒரு காட்டில் 100 மான் இருக்கிறது என்று வைப்போம். மான் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். சுமை ஏறக்குறைய எட்டு மாதம். பிறக்கும் குட்டிகளில் பலவற்றைச் சிறுத்தையும் நரியும் நோயும் கொண்டுபோய்விடும். வருட முடிவில் 20 குட்டி தப்புகிறது என்போம். பெரிய மான்களில் 15 இறக்கிறது. அப்படியானால் மிச்சம் 105. கூடியது ஐந்துதான்.

அந்த ஐந்தை மட்டும் எடுத்தால் மறுபடி 100 நிற்கும். ஐந்துக்குப் பதிலாகப் பதினைந்து எடுத்தால்? முதல் வருடம் 90 ஆகும். பிறகு பெருகுவதும் குறைவு, எடுப்பதோ அதே பதினைந்து. மூன்றாம் வருட முடிவில் 70க்கும் கீழே வந்துவிடும். அடிபடுவது சினைமானாக இருந்தால் ஒரே அடியில் இரண்டு உயிர் போகும்.

தாய்மாருக்கு வேறு விதமாகச் சொல்கிறோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுத்தால் செடி திரும்பத் துளிர்க்கும். நிறை கூடட்டும் என்று கீழ் இலையையும் சேர்த்து உருவினால் அன்றைக்குத் தராசில் கிலோ ஏறும். அடுத்த மாதம் செடி சோர்ந்து நிற்கும். மானும் அதே மாதிரித்தான்.

காட்டுப்பன்றி கணக்கு வேறு. அது ஒரு தடவையில் நான்கு, ஐந்து, அதற்கு மேலும் குட்டி போடும். ஆகவே எவ்வளவு பிடித்தாலும் சீக்கிரம் பெருகிவிடும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எண்ணாமல் நிர்வாகம் இல்லை

வேட்டைக்காரன் குறைவை முதலில் அறிவான் என்றோம். ஆனால் அவன் சொல்வது எப்போதும் முழு உண்மை ஆகாது. அவன் போகும் பாதையில் மான் இல்லை என்றால், மான் செத்துத்தான் போயிருக்கவேண்டும் என்பதில்லை. தண்ணீர் தேடி வேறு பக்கம் போயிருக்கலாம். சிறுத்தை தின்றுவிட்டது என்று அவன் சொல்லலாம். உண்மையான காரணம் புல்வெளியை மூடிய களைச்செடியாகவும், காட்டுக்குள் மேயவிடப்பட்ட மாடுகளாகவும் இருக்கலாம். அதனால்தான் எண்ணிக்கை எடுக்கவேண்டும். ஒரு நேர்கோட்டில் நடந்து கண்ணில் படுபவற்றை எண்ணுவார்கள். புழுக்கைகளை எண்ணுவார்கள். மரத்தில் தானியங்கிக் கமரா கட்டுவார்கள்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அளவில்லாத வேட்டையால் அங்கே வெள்ளைவால் மான் 1900ஆம் ஆண்டளவில் சுமார் ஐந்து இலட்சமாகக் குறைந்திருந்தது. அங்கும் வேட்டைக்காரர்களே முன்னுக்கு நின்று கட்டுப்பாடு கேட்டார்கள். நமது சட்டம் வந்த அதே 1937ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. துவக்குக்கும் தோட்டாவுக்கும் அறவிடும் வரியை விலங்குப் பாதுகாப்புக்கே செலவழிக்கவேண்டும் என்பது அதன் சாரம். இன்று அந்த மான் சுமார் மூன்று கோடி. இப்போதும் எங்காவது மான் குறைந்தால் அங்குள்ள வேட்டைக்காரர் அதிகாரிகளோடு வாதாடுகிறார்கள். “நீங்கள் கொடுத்த அனுமதி கூடிவிட்டது” என்கிறார்கள். அதிகாரிகள் கணக்கைக் காட்டுகிறார்கள். சண்டை இருந்தாலும் பேச்சு நிற்கவில்லை.

நமது நாட்டில் மான், மரை வேட்டை சட்டப்படி முற்றாகத் தடை. அது சரிதான். ஆனால் தடைக்குப் பிறகு ஒரு குறை வந்துவிட்டது. காட்டோரத்தில் வாழும் சாதாரண ஜனங்கள் கண்டதைக் கேட்பவர் இல்லை. சொன்னால் தன் தலையில் விழுமோ என்ற பயத்தில் அவர்களும் வாய் திறப்பதில்லை.

ஆலங்குடாக் கடல் சொல்லும் பாடம்

இப்போது மறுபடி ஆலங்குடாவுக்கு வருவோம்.

இலங்கையில் அரசாங்கச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் என்பவர் இந்நாட்டு உயிரினங்களைப் பற்றி 1861ல் ஒரு நூல் வெளியிட்டார். கற்பிட்டிக் குடாவிலிருந்து இராமர் அணை வரைக்கும் உள்ள கரையோரத்துக்குக் கடற்பசுக்கள் பெருந்தொகையாக வருவதாக அதில் எழுதினார். இன்றோ, ஒரு கடற்பசு கரையொதுங்கினால் அது பத்திரிகைச் செய்தி.

கடற்பசு கடற்புல் மேயும் சாதுவான பிராணி. சுமை ஒரு வருடத்துக்கும் கூட. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் மூன்று முதல் ஏழு வருடம் வரை ஆகும். மானைவிட மெதுவான கணக்கு. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் குறைகிறதே, ஏன்?

இறைச்சிக்காகக் களவாகப் பிடிப்பது ஒரு காரணம். இன்னொன்று வலை. மீனுக்கு என்று போட்ட வலையில் ஆவுளியா மாட்டிக்கொள்கிறது. அது மீன் அல்ல. மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டும். வலைக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீனவர் மனதில் கொலை எண்ணம் இல்லை. வலைக்கு ஆள் தெரியாது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி தேடியிருக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் பாக்கு நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வலையில் மாட்டிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவரை அழைத்துப் பாராட்டிப் பரிசும் கொடுக்கிறார்கள். அங்கே மீனவரைக் குற்றவாளியாக மட்டும் பார்க்காமல் காவல்காரராக்கிக்கொண்டார்கள். இதுதான் கடல் சொல்லும் பாடம்.

நம்ம லயத்துக்குப் பின்னால்

“வலைக்கு ஆள் தெரியாது” என்றோம். சுருக்குக் கம்பிக்கும் தெரியாது.

நம்ம தோட்டங்களில் பேசிக்கொள்வது இதுதான்: “பன்றிக்குத்தானே வைக்கிறோம். மரக்கறித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடுகிறதே, வேறு என்ன செய்ய?” இந்த ஆத்திரம் நியாயமானது. சம்பளம் போதாமல் லயத்தோரத்தில் நாலு பாத்தி கரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். அந்த நட்டத்தைத் தருவார் யார்?

ஆனால் கம்பியில் மாட்டுவது பன்றி மட்டுமா? மரை மாட்டுகிறது. குரைக்கும் மான் மாட்டுகிறது. லயத்து நாய் மாட்டுகிறது. சிறுத்தையும் மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மிக அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று பன்றிக்கு வைத்த சுருக்கில் மாட்டியது. மிருக வைத்தியர்கள் மயக்க மருந்து கொடுத்து மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். கம்பி கழுத்தை அறுத்திருந்தது. சில நாட்களில் இறந்துவிட்டது. நாடு முழுவதும் கவலைப்பட்டது.

முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். பன்றி சீக்கிரம் பெருகிவிடும். மரையும் சிறுத்தையும் அப்படிப் பெருகாது. ஆகவே சுருக்கு வைக்க வைக்க, குறையவேண்டியது குறையாது. குறையக்கூடாதது குறையும். பன்றிக் குட்டியைப் பிடித்துத் தின்னும் சிறுத்தையைக் கொன்றால் பன்றிக்குத்தான் இலாபம். காட்டில் இரை குறைந்தால், மிஞ்சிய சிறுத்தை நாயைத் தேடி லயத்துப் பக்கம் வரும். அதிகாலையில் மலைக்குப் போகும் நம்ம பெண்களுக்குத்தான் அதில் ஆபத்து.

அகப்பட்டால் மறியலும் தண்டமும் கம்பி கட்டியவருக்குத்தான். இறைச்சி வாங்கித் தின்ற பெரிய மனிதர் யாரும் கோர்ட்டுக்கு வரமாட்டார். குடும்பத்தில் உழைக்கும் ஒருவர் உள்ளே போனால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? இதையும் வீட்டில் பேசிப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. சுருக்குக் கம்பி, கட்டுத்துவக்கு, வாய்வெடி ஆகியவற்றைக் கைவிடுவோம். மலையில் வேலை செய்யும்போது சும்மா கிடக்கும் கம்பியைக் கண்டால் கங்காணிக்கோ வெளிக்கள உத்தியோகத்தருக்கோ சொல்லி அகற்றுவோம்.

2. மரக்கறிப் பாத்திகளை ஆளுக்கொரு பக்கம் போடாமல், பல குடும்பங்கள் ஒரே இடத்தில் போட்டால் ஒரே வேலி போதும். தகரமோ கம்பி வலையோ அடிப்பக்கம் மண்ணுக்குள் இறங்கியிருக்கவேண்டும். பன்றி தோண்டித்தான் நுழையும். இரவுக் காவலையும் முறை வைத்துச் செய்யலாம். வேலிச் செலவுக்குத் தோட்ட நிர்வாகத்திடம் உதவி கேட்பது தவறல்ல. சங்கத் தலைவர்மார் இதைப் பேச்சில் சேர்க்கவேண்டும்.

3. சாப்பாட்டுக் கழிவை லயத்தோரம் கொட்டினால் பன்றியும் நாயும் கூடும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். கழிவைக் குழியில் போட்டு மூடுங்கள். இரவில் நாயை அடைத்து வையுங்கள்.

4. விடியற்காலையில் தனியாக மலைக்கு இறங்காதீர்கள். நாலு பேராகப் பேசிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு போங்கள். சத்தம் கேட்டால் சிறுத்தை பெரும்பாலும் தானாக விலகிப் போய்விடும்.

5. கம்பியில் மாட்டிய சிறுத்தையையோ மரையையோ கண்டால் கிட்டப் போகாதீர்கள். கல் எறியக்கூடாது. கூட்டம் கூடக்கூடாது. மிரண்டு துள்ளினால் கம்பி இன்னும் ஆழமாக அறுக்கும், அறுந்தால் நம் மேல் பாயும். பிள்ளைகளையும் நாய்களையும் தூர விலக்கி, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

6. ‘மரை இறைச்சி’ என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை.

7. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் பொலித்தீன் கொண்டுபோகவேண்டாம். உப்புச் சுவைக்காக மரை அதைத் தின்றுவிடும். சாப்பாடும் கொடுக்கவேண்டாம்.

மனதில் பதியவேண்டியது

1894ல் துரைமார் சொன்னபோது கேட்டார்கள். காரணம், அவர்கள் துரைமார். இன்று காட்டோரத்தில் அதிகம் நிற்பவர்கள் நாம்தான். எந்த மலையில் மரைத் தடம் இருக்கிறது, எந்த ஓடையில் முன்பு வந்த மான் இப்போது வருவதில்லை என்பது கொழுந்து பறிக்கும் கைகளுக்குத் தெரியும், ஆலங்குடா மீனவருக்கு ஆவுளியாவைப் பற்றித் தெரிவது போல. அந்த அறிவைக் கம்பி கட்டுவதற்குப் பயன்படுத்தலாம். காவல் செய்யவும் பயன்படுத்தலாம். கம்பி கட்டினால் மறியல். காவல் செய்தால், நாளைக்கு நம்மைக் கேட்காமல் ஒரு காட்டைப் பற்றியும் தீர்மானம் எடுக்க முடியாது.

அளவோடு எடுத்தால் செடியும் நிற்கும், காடும் நிற்கும், கடலும் நிற்கும்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்
(மாதர் சங்கம், இளைஞர் கழகம், பாடசாலை மாணவருக்கு)

1. உங்கள் தோட்டத்தில் தாத்தா, பாட்டி காலத்தில் இருந்து இன்று காணாமல்போன விலங்கு, பறவை எவை? வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

2. மீன் வலைக்கும் சுருக்குக் கம்பிக்கும் உள்ள ஒற்றுமை என்ன?

3. 100 மான் உள்ள காட்டில் வருடம் 10 மான் எடுத்தால் மூன்று வருடத்தில் எத்தனை மிஞ்சும்? பாடத்தில் சொன்ன கணக்கைக் கொண்டு செய்து பாருங்கள்.

4. உங்கள் லயத்தில் பன்றித் தொல்லையைக் கம்பி இல்லாமல் குறைக்க என்ன வழி? யார் யார் சேரவேண்டும்? எவ்வளவு செலவாகும்? எழுதி, தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.